வவுச்சர் போட்டு வாங்கிய கெண்டை

(ஜனவரி 26 அன்று சங்கக் கட்டட மொட்டைமாடியில் நடந்த குடியரசு தினக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காகச் செய்திமடலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். எதிரே வரிசை நீண்டால் கை தானாக வேகமெடுக்கும். பயப்பட வேண்டாம்.

முதலில் ஒரு பழைய கணக்கை ஒப்படைத்துவிடுகிறேன். 2020 ஜனவரியில் நான்தான் இந்தச் சங்கத்தின் பொருளாளர். அந்த மாதம் ஒரு வவுச்சர் பாஸ் செய்தேன். ‘குளத்தில் விட மீன் குஞ்சு, எண்ணிக்கை ஆயிரம், வண்டி வாடகை உட்பட’ என்று இருக்கும். போன மாதம் ஃபைலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ரசீது சரி, தேதி சரி, கமிட்டித் தீர்மான எண் சரி. தணிக்கையில் ஒரு கேள்வி வரவில்லை. என்ன மீன் என்பது மட்டும் அதில் இல்லை. கையெழுத்துப் போட்ட நானும் கேட்கவில்லை.

2019 கோடை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். லாரித் தண்ணீருக்கு டோக்கன் போட்டு ராத்திரி ஒரு மணிக்குக் குடத்தோடு நின்ற வருடம். நம் குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். அப்போதுதான் வீட்டுக்கு வீடு வசூல் செய்து தூர் வாரினோம். இடுப்பளவு இருந்த குளத்தை நடுவில் இரண்டு ஆள் ஆழத்துக்கு வெட்டினோம். மழை வந்தது, நிரம்பியது. அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் மீன் விடலாமே என்று யாருக்கும் தோன்றும். கொசுப்புழுவைத் தின்னும், பாசியைத் தின்னும் என்று சொன்னார்கள். ஆக்சிஜன் பிடித்த பாலித்தீன் பைகளில் வந்தது. பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து விட்டோம். போட்டோ இந்தச் செய்திமடலிலேயே வந்தது.

அந்தப் பைகளில் கட்லா, ரோகு, சாதாக் கெண்டை மூன்றும் கலந்து இருந்திருக்கின்றன. கட்லாவும் ரோகுவும் நம் நாட்டு ஆறுகளின் மீன்கள். தேங்கின குளத்தில் அவை பெருகாது. ஆற்றில் புதுவெள்ளம் வந்தால்தான் முட்டையிடும். பண்ணையில் குஞ்சு எடுக்க வேண்டுமென்றால் ஊசி போட வேண்டும். 1957 ஜூலை 10-ஆம் தேதி ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் அந்த ஊசி முறையில் வெற்றி கண்டதால்தான் ஜூலை 10-ஐ மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆகவே நாம் விட்ட கட்லா, ரோகு வளர்ந்தன, போயின. கணக்கு முடிந்தது.

சாதாக் கெண்டைக்கு வெள்ளமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கரையோரம் நாலு நீர்ச்செடி இருந்தால் போதும். முட்டை பிசுபிசுவென்று இலையில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு மூன்று நாளில் பொரியும். நம் வெப்பத்துக்கு வருடம் முழுவதுமே இடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒரு மும்முரம், ஆடி ஆவணியில் இன்னொரு மும்முரம். கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முட்டை. இரண்டு கிலோ தாய் மீன் என்றால் இரண்டு லட்சம். ஆயிரத்துக்கு ஒன்று பிழைத்தாலே இருநூறு. பி.காம். படித்தவனுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இது கூட்டு வட்டி. அசலை நாம் கொடுத்தோம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மீன் மேல் எனக்குப் பகை கிடையாது. பண்ணைக் குட்டையில் இது நல்ல மீன், அரசாங்கமே வளர்க்கச் சொல்கிற மீன். 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். சர்வீஸில் மூன்று வருடம் ஊட்டிப் பக்கம் இருந்தேன். உடம்பில் அங்கங்கே மட்டும் பெரிய செதில் பளபளக்கும் கண்ணாடிக் கெண்டையை அங்கே பார்த்திருக்கிறேன். அதுவும் இதே இனம்தான். 1957-இல் பாங்காக்கிலிருந்து இன்னொரு வகை வந்தது. சமவெளிக் குளங்களில் இருப்பது பெரும்பாலும் அதன் வழி. காஷ்மீரத்தில் 1950-களில் விட்டார்கள், அங்கிருந்த மலை மீன்கள் குறைந்துபோயின. அமெரிக்காவில் 1880-களில் அரசாங்கமே ரயிலில் ஏற்றி, மனு போட்டவர்களுக்கெல்லாம் அனுப்பி வைத்தது. கொஞ்ச காலத்திலேயே இதை எப்படி ஒழிப்பது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். நாம் மட்டும் ஏமாறவில்லை என்பதற்காகச் சொல்கிறேன், சமாதானத்துக்கு இல்லை.

இது என்ன கெடுதல் செய்கிறது? பல்லால் யாரையும் கடிப்பதில்லை. சேற்றை உறிஞ்சுகிறது. வாயைக் குழாய் மாதிரி கீழே நீட்டி, ஒரு வாய் சேற்றை இழுத்து, அதிலிருக்கும் புழுவையும் விதையையும் வைத்துக்கொண்டு மீதியைத் துப்புகிறது. பகலெல்லாம் இதே வேலை. நூறு மீன் செய்தால் குளம் டீத்தண்ணீர் ஆகிவிடும். வெளிச்சம் அடிக்குப் போகாது, அடியில் செடி முளைக்காது. முளைத்த கிழங்கையும் பெயர்த்துவிடும். சேற்றில் அடங்கிக் கிடந்த சத்து தண்ணீரில் கலந்து, மேலே பச்சைப் பாசி படரும். பாசி தின்னும் என்று விட்ட மீன் பாசியை வளர்த்துக் கொடுத்தது.

2021-இல் நம் குளத்தில் அல்லி இருந்ததா இல்லையா? வடக்கு மூலையில் காலையில் நடக்கும்போது தாழைக்கோழி தன் குஞ்சுகளோடு இலை நடுவே போகும். இலைக்கோழிகூட ஒரு ஜோடி வந்தது. இரண்டு வருடத்தில் எல்லாம் போனது. கழிவுநீர் கலக்கிறது, அதனால்தான் என்று நாம் சொன்னோம். அதுவும் உண்மை. தெற்குத் தெருக் கால்வாய் வழியாக இன்னும் வருகிறது. அதற்கான மனு தனியே போய்க்கொண்டிருக்கிறது. மீன் மேல் மட்டும் எல்லாப் பழியையும் போட எனக்கு மனசில்லை. அதனால்தான் ஒரு சின்னச் சோதனை செய்தேன்.

கிழக்குப் படித்துறைக்குப் பக்கத்தில் பத்தடிக்குப் பத்தடி, மூங்கில் நட்டுச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சார் மீன் வளர்க்கிறாரா என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டார்கள். மீன் உள்ளே வராமல் இருப்பதற்காகக் கட்டிய வலை அது. போன ஜூனில் உள்ளே நாலு அல்லிக் கிழங்கு நட்டேன், வலைக்கு வெளியே நாலு நட்டேன். அதே குளம், அதே சாக்கடை. வெளியே நட்ட நாலும் பத்தே நாளில் மிதந்துவிட்டன. உள்ளே நட்டதில் மூன்று பிழைத்தன. ஆகஸ்டில் அந்தப் பத்தடிக்குள் மட்டும் என் முழங்கால் வரை தரை தெரிந்தது. செப்டம்பரில் பூத்தது. கூட்டம் முடிந்ததும் போய்ப் பாருங்கள், நடந்தால் இரண்டு நிமிடம்தான்.

இன்னொரு விஷயத்தை எனக்குச் சொன்னவர் பக்கத்து ஏரிகளில் வலை போடும் ஒரு பெரியவர். பால் பூத் எதிரே உட்கார்ந்து வலை பின்னுவாரே, அவர்தான். நாம் அவரைத் தாண்டித் தாண்டிப் போவோம். அவரிடம் கேட்டேன், பக்கத்து ஊர்க் குட்டைகளில் இந்த மீன் இந்த அளவு இல்லையே, ஏன் ஐயா என்று. அவர் சொன்னார்: “அது வத்துற குட்டை சார். வத்துற குட்டையில இது நிக்காது. விரால், குறவையெல்லாம் சேத்துக்குள்ள படுத்துக்கும், மழை வந்தா எந்திரிக்கும். இதுக்கு அந்த வித்தை தெரியாது. நீங்கதான் வத்தாம வெட்டிட்டீங்களே.”

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விரால், குறவை, பனையேறிக் கெண்டை எல்லாம் காற்றையே சுவாசிக்கத் தெரிந்தவை, ஈரச்சேற்றில் நாளைக் கடத்திவிடும். நம் ஊர்க் குளத்துக்குச் சித்திரை வைகாசியில் வற்றுவது ஒரு வைத்தியமாக இருந்திருக்கிறது. நாம் நல்லது என்று செய்த இரண்டும், ஆழப்படுத்தியதும் மீன் விட்டதும், சேர்ந்து இந்த மீனுக்கு நிரந்தர விலாசம் கொடுத்துவிட்டன.

அப்படியானால் மோட்டார் வைத்து இறைத்து ஒரு கோடை வற்ற வைத்துவிடலாமே என்று கமிட்டியில் ஒரு யோசனை வந்தது. நான் எதிர்த்தேன். நம் போர்வெல்கள் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. 2019 ஒரு தடவை போதும். தண்ணீரும் இருக்க வேண்டும், மீன் குறைய வேண்டும் என்றால் ஒரே வழிதான், உட்கார்ந்து பிடிப்பது.

குளம் சங்கத்தின் சொத்து இல்லை, புறம்போக்கு. மீன்பாசிக் குத்தகை யாருக்காவது போயிருக்கிறதா என்று விசாரித்து, இல்லை என்று தெரிந்த பிறகு மனு கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் ஆரம்பித்தோம். நாலு மாதம் நடந்தேன். கடிதம் அலுவலகத்தில் லேமினேட் செய்து மாட்டியிருக்கிறது.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு தொடங்கினோம். மழையில் போன நாலு வாரம் நீங்கலாக 22 ஞாயிறு. எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் 187 சாதாக் கெண்டை. பெரியது நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முதல் இரண்டு வாரம் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் எங்களுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. நான் முட்டைகூடத் தொடாத வீட்டில் வளர்ந்தவன். தூண்டில் முள்ளைக் கையில் எடுத்ததே அறுபத்தைந்து வயதில். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், வருகிறவர்களுக்கு உதவும்.

இது விரால் மாதிரி பாய்ந்து கவ்வாது. இரையை உறிஞ்சும், சந்தேகம் வந்தால் துப்பும், மறுபடி உறிஞ்சும். தக்கை லேசாக ஆடினவுடனே இழுத்தால் முள் வெறுமையாக வரும். தக்கை ஒரு பக்கமாக நகர ஆரம்பித்த பிறகு இழுக்க வேண்டும். இரைக்குக் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் கோதுமை மாவும் பிசைந்த உருண்டை. அது கரைந்து போனால் வேகவைத்த மக்காச்சோளம் முள்ளில் நன்றாக நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே, புதன்கிழமையிலிருந்தே ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அதே உருண்டையைக் கொஞ்சம் போட்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது நம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கும். கரையில் தொம் தொம்மென்று நடந்தால் போய்விடும். காலை நடைப்பயிற்சிக் குழு ஞாயிறு ஏழு மணி வரை மேற்குப் பாதையில் போனால் புண்ணியம். ஒரு தடவை முள் பட்டுத் தப்பிய மீன் அந்த இரைக்கு லேசில் வராது. அதனால் மாதத்துக்கு ஒரு தடவை இடத்தையும் இரையையும் மாற்றுகிறோம்.

பிள்ளைகள் கவனியுங்கள். கெண்டை என்று பெயர் இருப்பதையெல்லாம் பிடித்து வெளியே போடக் கூடாது. விரல் நீளத்துக்கு வெள்ளியாக மின்னும் நம் சின்னக் கெண்டை இந்தக் குளத்துக்காரன். கண்ணுக்கு உவமை சொன்னார்களே, அது. சாதாக் கெண்டைக்கு வாயோரம் இரண்டு ஜோடி மீசை இருக்கும். முதுகுத் துடுப்பு நீளமாக இருக்கும், அதன் முதல் முள் ரம்பம் மாதிரி, கையைக் கிழிக்கும். ஈரத் துணியால் பிடியுங்கள். விரால், குறவை, கெளுத்தி, உளுவை வந்தால் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி ஒரு சின்ன மீன் மேல்மட்டத்திலேயே திரியும். கொசுப்புழுவைத் தின்பது அதுதான். காசு கொடுத்து நாம் வாங்கப் போன வேலையை அது சும்மா செய்துகொண்டிருந்தது.

ஜிலேபிக் கெண்டை, பெயர்தான் கெண்டை, இனம் வேறு. 1952-இல் நம் நாட்டுக்கு வந்தது. அது தனிக் கதை, தனிக் கூட்டம் போட வேண்டும். பிடித்தால் அதையும் திரும்ப விடாதீர்கள்.

வலையில் இரண்டு டேங்க் கிளீனர் மீனும் வந்தன. கவசம் மாதிரி உடம்பு, வலையையே கிழித்துவிட்டது. அது யார் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலிருந்து வந்தது என்று நான் விசாரிக்கப் போவதில்லை. வீடு மாற்றும்போது மீனை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தால் அலுவலகத்தில் ஒரு தொட்டி வைத்திருக்கிறோம், அங்கே விடுங்கள். குளத்தில் விடுவது ஜீவகாருண்யம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆயிரம் விட்டவன் நான், எனக்குச் சொல்ல அருகதை இருக்கிறதா என்றால் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். பி பிளாக்கில் ஒரு பெரியம்மா, இங்கேயும் வந்திருக்கிறார்கள், ஐந்து வருடமாகத் தினமும் சாயங்காலம் படித்துறையில் பொரி போடுவார்கள். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு குவியும். அதைப் பார்த்துத்தான் என் பேரன் சோறு சாப்பிடுவான். அங்கே வலை போட்டால் ஒரே நாளில் ஐம்பது வரும் என்றார் வலைக்காரப் பெரியவர். உண்மைதான். நான் அந்தம்மாவிடம் போய்க் கேட்டேன். “நம்பி வந்ததைப் பிடிச்சுக் குடுக்கச் சொல்றீங்களா?” என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று வரை அந்தப் படியில் வலை போடவில்லை. அவர்கள் பொரி போடுவதை நிறுத்திவிட்டார்கள். என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள். 187 உயிர் என்பது எனக்கும் தெரியும். நோட்டில் எழுதும்போது எண்ணிக்கை என்று எழுதுகிறேன், வேறு என்ன எழுதுவது?

பிடித்ததை வீணாக்கவில்லை. உடனே தலையில் அடித்து ஐஸ் பெட்டியில் வைத்து, வலைக்காரர் குடும்பத்துக்கும் கேட்ட வீடுகளுக்கும் கொடுக்கிறோம். சாக்கடை கலக்கும் வரை சாப்பிட வேண்டாம் என்று நினைப்பவர்கள் தென்னை அடியில் குழி வெட்டிப் புதைக்கிறார்கள். காய்ப்பு நன்றாக இருக்கிறதாம். உயிரோடு வாளியில் எடுத்துக்கொண்டு போவதற்கு மட்டும் யாருக்கும் அனுமதி இல்லை. அந்த வாளி வேறொரு குளத்தில் போய்க் கவிழும்.

பிடித்தே தீர்த்துவிட முடியுமா என்று தலைவர் கேட்டார். ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியா தீவில் கிரசன்ட் என்று ஒரு ஏரி. 1995-இல் அங்கே இதே மீனைக் கண்டுபிடித்தார்கள். வெளியே போகும் வாய்க்காலைச் சல்லடை போட்டு அடைத்தார்கள். முட்டையிடப் போகும் சதுப்புக் கரைகளை வலையால் மறித்தார்கள். சில ஆண் மீன்களின் உடம்பில் சின்ன ரேடியோக் கருவி வைத்து மறுபடி ஏரியிலேயே விட்டார்கள். முட்டையிடும் காலத்தில் அவை கூட்டத்தைத் தேடிப் போகும், பின்னாலேயே போய் வலை போட்டார்கள். ஏழாயிரத்துக்கு மேல் பிடித்தார்கள். கடைசி மீன் 2007-இல். பன்னிரண்டு வருடம். சம்பளத்துக்கு ஆள், படகு, கருவி எல்லாம் இருந்தும் பன்னிரண்டு வருடம். நம் குளம் மிகச் சின்னது, ஆனால் நாம் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். நிறுத்தாமல் பிடித்தால் தண்ணீர் தெளிகிற அளவுக்குக் குறைக்கலாம் என்று நம்புகிறேன். நிறுத்தினால் ஒரே மழையில் பழைய பாக்கிக்கு வந்துவிடும். என் நோட்டிலும் நவம்பருக்குப் பிறகு சின்ன மீன்களே அதிகம். ஆடியில் இட்ட முட்டை அது.

ஆகவே கமிட்டியிடம் மூன்று தீர்மானம் கேட்கிறேன்.

பிப்ரவரி, மார்ச்சில் வேலம்பாசியைக் கட்டுக்கட்டாகக் கயிற்றில் கட்டிக் கரையோரம் மிதக்க விட வேண்டும். மீன் பண்ணைகளில் சாதாக் கெண்டையின் முட்டையைச் சேகரிக்க இப்படித்தான் செய்வார்கள், அது வந்து இந்தக் கட்டுகளில் ஒட்டிவிட்டுப் போகும். நம் குளத்தில் வேறு செடி இல்லாததால் இதைத்தான் தேடி வரும் என்று எதிர்பார்க்கிறேன். அவர்கள் பொரிக்க வைப்பார்கள், நாம் ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் எடுத்து வெயிலில் காயப்போட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாமே பண்ணை நடத்திய கதையாகிவிடும், அதனால் முறை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தால்தான் இதை ஆரம்பிப்பேன்.

மே மாதம் தண்ணீர் மார்பளவுக்கு இறங்கும்போது, வலைக்காரப் பெரியவரையும் அவருடைய ஆட்களையும் மூன்று நாள் கூலிக்கு அழைத்து இழுவலை போட வேண்டும். முட்டை நிறைந்த பெரிய தாய் மீன்கள் தூண்டிலுக்கு வருவதில்லை, அவைதான் நம் அசல். கூலியை மீனாகக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அது மரியாதை இல்லை. கூலி கூலியாகக் கொடுத்து, மீனும் கொடுக்க வேண்டும்.

அக்டோபருக்கு முன்னால் கலங்கலில் கம்பிச் சல்லடை. 2015 டிசம்பரில் ஏரியும் குளமும் தெருவும் ஒன்றாகிப் போனதைப் பார்த்தவர்கள் நாம். அப்படி ஒரு வெள்ளத்தில் சல்லடை ஒன்றும் செய்யாது. ஆனால் சாதாரண மழைக்கு நம் மீன் கீழ் ஏரிக்குப் போகாமல் தடுக்கும். குப்பை அடைத்தால் தண்ணீர் ஏறிச் சி பிளாக் தரைத்தளத்துக்குள் வரும், அதனால் மழை நாளில் தினமும் இருவர் வாரி எடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் சல்லடையே வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

செலவுக்கு உத்தேசக் கணக்கு செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியிலும் என்ன, எதற்கு என்று எழுதியிருக்கிறது.

வருகிற ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு மேற்குக் கரை. தூண்டில் ஒன்பது இருக்கிறது, இன்னும் நாலு கட்டித் தருவதாகப் பிளம்பர் தம்பி சொல்லியிருக்கிறார். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்தால் போதும். பிண்ணாக்கை முந்தின இரவே ஊறப்போட வேண்டும். அது இதுவரை என் வீட்டுப் பால்கனியில் நடக்கிறது, நாற்றம் தாங்கவில்லை என்று வீட்டில் கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். மொட்டைமாடி இருக்கிற வீட்டுக்காரர் யாராவது ஒரு வாளிக்கு இடம் கொடுத்தால் நன்றாக இருக்கும்.